தமனியின் ஓசை

கல்லீரல் மாற்று சிகிச்சையின் வரலாற்றை யார் எழுதினாலும் அது கத்தியில்தான் தொடங்குகிறது. 1963 மார்ச் 1, அமெரிக்காவின் டென்வர் நகரம். தாமஸ் ஸ்டார்ஸல் என்ற அறுவை மருத்துவர் மூன்று வயதுச் சிறுவனுக்குக் கல்லீரலை மாற்றிப் பொருத்த முயன்றார். ரத்தப்போக்கில் குழந்தை இறந்துவிட்டது. 1967-இல் அவரே ஒன்றரை வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்திய கல்லீரல் அவளை ஓராண்டுக்கு மேல் வாழவைத்தது. 1980-களின் தொடக்கத்தில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்து, உடல் அந்நிய உறுப்பை வெளியே தள்ளுவதைக் கட்டுப்படுத்தியது. 1983-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, இதை இனிச் சோதனை முயற்சியாகப் பார்க்க வேண்டாம், சிகிச்சையாகவே ஏற்கலாம் என்றது.

இந்த வரிசையில் வருபவை எல்லாம் அறுவை மேசையின் மேலும் மருந்துக் குப்பிக்குள்ளும் நடந்தவை. தையல் முடிந்தபின் வரும் இரவுகளுக்கு இதில் இடமில்லை. நான் அந்த இரவுகளில் வேலை செய்பவள். பட்டத்தின்படி கதிரியல் மருத்துவர். வார்டில் எங்களுக்குப் பெயர் ‘ஸ்கேன் டாக்டர்’. மாற்றிப் பொருத்திய கல்லீரலுக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று வண்டியில் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்ப்பதும் கேட்பதும் என் தொழில். அந்தத் தொழில் எங்கிருந்து வந்தது, யார் உடல்களின் மேல் பழகப்பட்டது, யார் தோள்கள் அதைத் தாங்கின, இன்று அது யாரைப் பார்க்கிறது, யாரைப் பாராமல் விடுகிறது என்று தேடிப் படித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் உடலின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கைக் கொண்டுவருகிறது. மீதியைக் கொண்டுவருவது கல்லீரல் தமனி. உள்ளே வந்த ரத்தம் கல்லீரல் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. மாற்று அறுவையில் இவை எல்லாவற்றையும் வெட்டி, புதிய உடலின் நாளங்களோடு தைக்க வேண்டும். தைத்த இடத்தில் ரத்தம் உறையலாம், தையல் இறுகி நாளம் சுருங்கலாம், நாளம் மடங்கலாம்.

மிகவும் அஞ்சப்படுவது தமனி அடைப்பு. அளவில் கால்பங்கு ரத்தம்தானே என்று விட்டுவிட முடியாது. பித்தநாளங்கள் முழுக்கத் தமனியை நம்பியே உயிர்வாழ்கின்றன. நம்முடைய சொந்தக் கல்லீரலில் தமனி அடைபட்டால் சுற்றியுள்ள சிறு நாளங்கள் கைகொடுக்கும். மாற்றிப் பொருத்திய கல்லீரலுக்கு அந்தச் சுற்றம் கிடையாது. எடுக்கும்போதே எல்லாம் அறுபட்டுவிட்டன. பிறந்த வீட்டு உறவெல்லாம் அறுந்து ஒரே ஒரு கையை நம்பி வந்தவளைப் போல அது நிற்கிறது. முதல் மாதத்துக்குள் இந்த அடைப்பு வருவது ஒட்டுமொத்தமாக நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நேரத்தில் கண்டுபிடித்தால் நாளத்தைத் திறந்து கல்லீரலைக் காப்பாற்றலாம். தவறினால் பலருக்கு இன்னொரு கல்லீரல் தேட வேண்டியிருக்கும்.

ஸ்டார்ஸல் 1981-இல் பிட்ஸ்பர்க் நகருக்கு மாறினார். அங்கிருந்த குழு 1985-இல் இந்த அடைப்பு எப்படியெல்லாம் தலைகாட்டுகிறது என்று தொகுத்து எழுதியது. சிலருக்குக் கல்லீரல் சட்டென்று அழுகும். சிலருக்கு நாள் கழித்துப் பித்தம் கசியும். இன்னும் சிலருக்குக் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வரும். இவை கண்ணுக்குத் தெரியும் வேளையில் நாளம் அடைபட்டு நேரமாகியிருக்கும். உறுதிசெய்ய அன்றைக்கு இருந்த வழி ஆஞ்சியோகிராம்: வென்டிலேட்டரில் இருப்பவரை ஐ.சி.யு.விலிருந்து கீழே இறக்கிக்கொண்டுபோய், தொடையில் குழாய் செருகி, சாயம் செலுத்திப் படமெடுக்க வேண்டும். அதை ஒவ்வொரு நாளும் செய்ய முடியாது. படுக்கைக்கே வரக்கூடிய, குத்தாத, வெட்டாத ஒரு கருவி தேவைப்பட்டது. அது ஏற்கெனவே இருந்தது, பிரசவ மருத்துவத்தில்.

இயற்பியல் பழையது. 1842-இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர், நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்றார். அவர் பேசியது விண்மீன்களின் ஒளியைப் பற்றி. அந்த விதியை உடலுக்குள் ஒலியை அனுப்பிப் பயன்படுத்தியவர்களில் முன்னோடி, 1950-களில் ஒசாகாவில் இருந்த ஷிகியோ சடோமுரா. மருத்துவப் படமெடுப்பாக அல்ட்ராசவுண்ட் வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். அங்கே மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955-இல், பெண்களின் உடலிலிருந்து அகற்றிய கருப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்புப் பற்றவைப்பில் விரிசல் பார்க்கும் ஒலிக்கருவியில் அவற்றை வைத்துப் பார்த்தார். திடமான கட்டியும் நீர்க்கட்டியும் வேறு வேறு எதிரொலி தந்தன. 1958-இல் அவரும் ஜான் மக்விகாரும் பொறியாளர் டாம் பிரவுனும் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறையின் அடித்தளம். குணமாக்க முடியாத இரைப்பைப் புற்று என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது அகற்றக்கூடிய சினைப்பைக் கட்டி என்று கண்டுபிடித்த நிகழ்வும் அந்த முதல் காலத்தில் நடந்ததே. அந்தப் பெண் பிழைத்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு இரண்டு செய்திகள் முக்கியம். வயிற்றுக்குள் ஒலியால் பார்க்கும் கலை பெண்களின் உடல்கள்மேல் கற்றுக்கொள்ளப்பட்டது. கட்டியைக் கொடுத்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இரண்டாவது, அதே டொனால்ட் பிரிட்டனில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய 1967 சட்டத்தை எதிர்த்தவர். கருவின் ஸ்கேன் படங்களை அதற்கு எதிரான வாதமாகக் காட்டியவர். ஒரு பெண்ணைக் காப்பாற்றிய கருவியே பெண்ணின் முடிவுரிமைக்கு எதிரான சாட்சியாகவும் கூண்டில் ஏறியது.

கருவியைக் கையில் பிடித்தவர்கள் யார்? அமெரிக்காவில் ஸ்கேன் செய்வது பெரும்பாலும் சோனோகிராஃபர்கள் எனப்படும் தொழில்நுட்பர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். படத்தை எடுப்பவர் அவர், அறிக்கையில் கையெழுத்திடுபவர் மருத்துவர். சியாட்டிலில் 1960-களின் இறுதியில் பொறியாளர் டொனால்ட் பேக்கரின் குழு துடிப்பு டாப்ளரை உருவாக்கியது. 1970-களில் படமும் டாப்ளரும் ஒரே கருவிக்குள் வந்தன. நாளங்களைப் பார்க்கும் மருத்துவம் அங்கிருந்து கிளம்பியது. அதே நகரில் பணியாற்றிய ஜோன் பேக்கர் என்ற பெண், 1970-இல் இந்தத் தொழில்நுட்பர்களுக்கான சங்கத்தை உருவாக்கி அதன் முதல் தலைவரானார். அதற்கு முன் இந்த வேலைக்குத் தனிப் பெயரோ பாடத்திட்டமோ தேர்வோ இல்லை. ‘பொத்தானை அழுத்துகிறவர்’ என்ற நிலையிலிருந்து ஒரு தொழிலாக அது மாறியதில் இப்படிப்பட்ட பெண்களின் சங்க வேலைக்குப் பெரும் பங்குண்டு.

அவர்கள் இன்னொன்றையும் வரலாற்றில் பதிந்தார்கள்: வலி. மார்வீன் கிரெய்க் என்ற சோனோகிராஃபர் 1985-இல், இந்தத் தொழிலே உடல்நலக் கேடா என்ற கேள்வியோடு ஒரு கட்டுரை எழுதினார். கையை விலக்கி நீட்டி, புரோபை அழுத்திப் பிடித்து, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நிற்பதால் தோளும் மணிக்கட்டும் கழுத்தும் தேய்கின்றன. 1990-களிலிருந்து நடந்த கணக்கெடுப்புகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வலியோடு வேலை செய்வதாகச் சொன்னார்கள். ஜோன் பேக்கரும் பின்னாளில் தன் உழைப்பை இந்த வலியைக் குறைக்கும் முயற்சிக்கே செலவிட்டார். கல்லீரல் மாற்று வார்டில் இந்த வலி கூடும். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க முடியாது; வயிற்றில் பெரிய வெட்டு, கட்டு, இரண்டு மூன்று வடிகுழாய்கள். இருக்கிற விரற்கடை இடத்தில் புரோபை வைத்து, விலா எலும்புக்கிடையே எட்டிப் பார்க்க வேண்டும். படுக்கையின் இரும்புக் கம்பிமேல் இடுப்பைச் சாய்த்து நிற்காமல் வலது பக்க விலாவை எட்ட முடியாது.

1986-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கென்னத் டெய்லரின் குழு, நகர்த்தக்கூடிய டாப்ளர் கருவியைக் கல்லீரல் மாற்று நோயாளிகளின் படுக்கைக்கே கொண்டுபோய்ப் பார்த்து, ஆஞ்சியோகிராமோடு ஒப்பிட்டு வெளியிட்டது. அதே ஆண்டுகளில் பிட்ஸ்பர்க்கிலும் அதைச் செய்தார்கள். ஜப்பானில் உருவான வண்ண டாப்ளர் 1980-களில் பரவியது: புரோபை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். 1990-களில் மாற்று சிகிச்சை மையங்களில் தினசரி டாப்ளர் வழக்கமாகிவிட்டது.

என்ன கேட்கிறோம் என்று சொல்கிறேன். போர்ட்டல் சிரையின் ஓசை நின்று வீசும் காற்றைப் போன்றது, இடைவெளி இல்லாதது. கல்லீரல் சிரை இதயத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் அலையும். தமனி ஒவ்வொரு துடிப்பிலும் சட்டென்று ஏறி மெல்ல இறங்கும்; இதயம் ஓயும் நொடியிலும் ஓட்டம் முழுக்க நிற்காது. அந்த ஓய்வு நொடியில் எவ்வளவு ஓட்டம் மிஞ்சுகிறது என்பதை எதிர்ப்புக் குறியீடு என்ற எண்ணாக எழுதுகிறோம், 0.5 முதல் 0.8 வரை இருந்தால் நிம்மதி. 1994-இல் பிட்ஸ்பர்க் குழுவினர் வகுத்த அளவுகோல் இன்றும் எங்கள் கையில் இருக்கிறது: குறியீடு 0.5-க்குக் கீழே போனாலோ, அலை உச்சிக்கு ஏற 0.08 நொடி அல்லது அதற்கு மேல் ஆனாலோ, மேலே எங்கோ தமனி சுருங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தையல் போட்ட இடம் குடல் காற்றுக்குப் பின்னால் மறைந்து பல சமயம் தெரியவே தெரியாது. ஆனால் தலைமடையில் மதகு அடைபட்டால் கடைமடை வாய்க்காலில் நீர் தாமதமாக, மெலிந்து வருவதுபோல, கல்லீரலின் உள்ளே இருக்கும் சிறு தமனியில் அலை சோம்பி எழும். கடைமடையைப் பார்த்துத் தலைமடையைச் சொல்வதுதான் இந்த வேலை. முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்தில் குறியீடு உயர்ந்து, பிறகு தானே இறங்குவதும் உண்டு. அதனால் ஒரு நாள் படத்தைவிட நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் சேர்ந்துதான் பொருள் தருகின்றன. ஓய்வு நொடியின் ஓட்டம் முதலில் மறைந்து, அடுத்து உச்சியும் தாழ்ந்தால், அடைப்பு வந்துகொண்டிருக்கிறது. அப்போது நள்ளிரவு என்று பார்க்காமல் அறுவைக் குழுவை எழுப்ப வேண்டும்.

இந்தக் காவல் இன்னும் கடினமானது உயிருள்ள மனிதரின் கல்லீரலைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியபோது. பங்கிட்ட துண்டின் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே இருக்கும். கியோட்டோவில் 1990-களின் தொடக்கத்தில் நுண்ணோக்கியின் கீழ் அதைத் தைக்கத் தொடங்கிய பிறகே அடைப்பு குறைந்தது. யார் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1989 ஜூலையில் பிரிஸ்பேன் நகரில் முதன்முதலாக வெற்றிபெற்ற அறுவையில், ஜப்பானியக் குழந்தைக்குக் கொடுத்தவர் தாய். அதே ஆண்டு நவம்பரில் சிகாகோவில், அமெரிக்காவின் முதல் அறுவையில், 21 மாதப் பெண் குழந்தைக்குக் கொடுத்தவரும் தாய். அந்தத் தாயின் மண்ணீரலில் காயம் ஏற்பட்டு அதை அகற்ற வேண்டியதாயிற்று. ‘ஈரக்குலை பதறுது’ என்று நம் அம்மாக்கள் சொல்வதைச் சொல்லளவில் கேட்டுப் பழகியவர்கள் நாம். அறுவை மருத்துவம் அதை மேசையில் ஏற்றிவிட்டது.

பெரியவருக்குக் கொடுக்க இடப்பகுதித் துண்டு பல சமயம் போதாது. வலப்பகுதி வேண்டும், கல்லீரலில் ஏறக்குறைய 60 சதவீதம். இங்கேதான் ஒரே ஒரு நாளம் இரண்டு உடல்களுக்கு நடுவே வழக்குப் பொருளாக நிற்கிறது. வலமும் இடமும் பிரியும் எல்லையில் ஓடும் நடுக் கல்லீரல் சிரை இரண்டு பக்கத்து ரத்தத்தையும் வடிக்கிறது. அதைத் துண்டோடு எடுத்துக்கொண்டால் பெறுபவருக்கு நல்லது. கொடுத்தவரிடம் மிஞ்சும் பகுதியில் வடிகால் குறையலாம். அதைக் கொடுத்தவரிடமே விட்டால் துண்டின் ஒரு பகுதியில் ரத்தம் தேங்கலாம். ஹாங்காங் குழு 1996-இல் அந்தச் சிரையையும் சேர்த்தே எடுத்தது. சியோல் குழு அதைக் கொடுத்தவரிடம் விட்டுவிட்டு, துண்டின் கிளைச் சிரைகளுக்கு வேறு நாளங்களால் வடிகால் அமைத்தது. டோக்கியோவில் அறுவையின்போதே சிரையைத் தற்காலிகமாக அடைத்து, டாப்ளரில் பார்த்தார்கள்: தேக்கம் வந்த பகுதியில் போர்ட்டல் ரத்தம் திசை மாறிப் பின்னோக்கி ஓடியது, வண்ணம் புரண்டது. எவ்வளவு தேங்கும் என்று அளந்து, அதன்படி முடிவெடுத்தார்கள். கொடுப்பவருக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்ற அறக் கேள்விக்குக் கருவி ஓர் அளவைத் தந்த இடம் இது. நான் படித்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

இந்தியாவுக்கு வருவோம். 1994 நம் நாட்டில் இரண்டு சட்டங்களின் ஆண்டு. ஜூலையில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். செப்டம்பரில் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் சட்டம். உசிலம்பட்டியையும் சேலத்தையும் அறிந்த நமக்கு இரண்டாவது ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவாக வேண்டும், கல்லீரலை மட்டும் பார்க்கும் கருவியும்கூட. 2012 விதிகள் கையடக்கக் கருவியைப் பதிவான மருத்துவமனையின் உள்நோயாளிகளுக்கும் நடமாடும் மருத்துவ ஊர்திக்கும் கட்டுப்படுத்தின. கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகை ஸ்கேன் அறையில் தொங்க வேண்டும். எங்கள் அறையில் அந்தப் பலகையின் கீழே படுத்து, புதுக் கல்லீரலின் ஓட்டத்தைக் காட்டிப் போகிறவர்களில் மிகப் பலர் ஆண்கள். அவர்களுக்குக் கொடுத்தவர்களில் மிகப் பலர், பெண்ணாகப் பிறக்க விடப்பட்டவர்கள்.

இது என் கண்ணோட்டம் மட்டுமில்லை. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெண்களுக்குக் கிடைத்தவை 6,945. 2019-ஆம் ஆண்டுத் தரவை வைத்து வெளியான ஆய்வு, உயிருடன் உறுப்பு கொடுத்தவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் பெண்கள், பெற்றவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் ஆண்கள் என்று காட்டியது. கொடுத்த பெண்களில் பெரும்பாலோர் மனைவிகளும் தாய்களும். விதிவிலக்குகளும் உண்டு. 1998 நவம்பரில் டெல்லியில், இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்றில், இரண்டு வயது நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தைக்குக் கொடுத்தவர் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானது. எத்தனையோ தந்தையர், கணவர், மகன்கள் கொடுக்கிறார்கள். என்றாலும் வீட்டில் ஒருவர் படுத்தால் சம்பாதிக்கிறவரைப் படுக்கவைக்க முடியாது என்ற கணக்கில் யார் பெயர் முதலில் எழுதப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். 2014 விதிகள், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. சட்டத்துக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது.

வார்டில் நான் பார்ப்பது இதன் தொடர்ச்சி. பெறுபவருக்கு முதல் வாரம் தினமும் டாப்ளர், சில நாள் இரண்டு முறை. கொடுத்தவருக்கு ஒன்றோ இரண்டோ, மீதி, கேட்டால்தான். இதற்கு மருத்துவக் காரணம் உண்டு. அவருடைய தமனி வெட்டித் தைக்கப்படவில்லை. அடைப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. மிஞ்சிய கல்லீரல் வளர்ந்து திரும்பும்போது போர்ட்டல் சிரை மடங்கலாம், உறையலாம். வலப்பகுதி கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டிலிருந்து ஐந்து பேர்வரை இறக்கக்கூடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் மதிப்பீடு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், கணவருக்குக் கொடுத்த ஒரு பெண்ணின் ஸ்கேன் சீட்டில் அவர் பெயருக்குக் கீழே ‘4-ஆம் படுக்கையின் டோனர்’ என்று எழுதியிருந்தது. மூன்றாம் நாள். வழக்கமாக நோயாளிக்குக் கேட்காதபடி ஒலியைக் குறைத்து வைப்போம். அன்று கூட்டி வைத்தேன். சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, “இது அவருக்குப் போனதா டாக்டர், எனக்கு மிச்சமிருக்கிறதா?” என்றார். “உங்களுடையதுதான்மா, நல்லா ஓடுது” என்றேன். “என்னதா?” என்று இன்னொரு முறை கேட்டார். அதுவரை மூன்று நாளும் அவர் என்னிடம் விசாரித்தது 4-ஆம் படுக்கையைப் பற்றி மட்டுமே.

2025 ஆகஸ்டில் தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு, காத்திருப்போர் பட்டியலில் பெண்களுக்கு முன்னுரிமை தருமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல தொடக்கம். ஆனால் அது பெறுபவரின் வரிசையைப் பற்றியது. கொடுத்தவருக்கு என்ன கால அட்டவணை என்பது இன்னும் அந்தந்த மருத்துவமனையின் பழக்கத்தில் நிற்கிறது. ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று அவருடைய கல்லீரலையும் நாளங்களையும் கட்டணமில்லாமல் பார்த்து, அவர் பெயரிலேயே பதிந்து வைக்க வேண்டும். கேட்பதற்கு இது பெரிய கோரிக்கை இல்லை. கருவி இருக்கிறது, கை இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது. டோக்கியோ குழு கொடுப்பவரின் மிச்சத்தை அளந்துதான் கத்தியை நகர்த்தியது.

மருத்துவமோ செவிலியமோ வரலாறோ படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உறுப்பு மாற்று பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால் அதன் அட்டவணைகளைப் பாருங்கள். பெற்றவரைப் பற்றி எத்தனை வரி, கொடுத்தவரைப் பற்றி எத்தனை வரி என்று எண்ணுங்கள். கொடுத்தவரின் வரிசையில் வயது, எடை, துண்டின் அளவு இவற்றோடு பதிவு நின்றுபோயிருந்தால், அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.